கிளைடர் ரேடியோவின் இரைச்சல்

2024ஆம் ஆண்டு ஜூன் 8, சனிக்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்பினேன். பால் வாங்கி வந்து அடுப்பில் வைத்துவிட்டு, முந்தைய நாள் பழுது பார்த்த இரண்டு ஜக்கார்டு பெட்டிகளைப் பற்றி நாட்குறிப்பில் எழுதினேன். பிறகு ஒரு துண்டை விரித்துக் கருவிகளை அடுக்கினேன். கடைசியில் தேவைப்படுவது அடியிலும் முதலில் தேவைப்படுவது மேலேயும் இருக்கும்படி பையில் போட்டேன். எதிர்வீட்டில் தறி ஓடத் தொடங்கியபோது நான் காபி குடித்து முடித்திருந்தேன்.

ஆரணியில் பட்டுத் தறிகளுக்கு மேல் பொருத்தியிருக்கும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். புடவையின் பார்டரில் எந்த இழை எழ வேண்டும், எது கிடக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அந்தப் பெட்டி. அமெச்சூர் ரேடியோ உரிமமும் வைத்திருக்கிறேன். இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. தெருவில் பெட்டிகள் ஓடத் தொடங்கிவிட்டால் என் ரேடியோவில் மனிதக் குரல் எதுவும் கேட்காது. கொதிக்கும் எண்ணெய் போல ஒரே இரைச்சல். அந்த இரைச்சல் எங்கிருந்து புறப்படுகிறது, எந்த ஒயர் வழியே ஏறுகிறது என்று தேடித் தேடியே பல வருடங்களாகக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அதனால்தான் அக்காவின் கணவர் தன் கிளப்பின் கிளைடரை என்னிடம் கொண்டுவந்தார்.

கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். வேறொன்று இழுத்து மேலே ஏற்றிவிட்டால், சூடான காற்று எழும் இடங்களைத் தேடி வட்டமடித்தபடி மணிக்கணக்கில் மிதக்கும். மாமா சின்ன வயதில் அவர் அப்பாவின் பவர்லூம் கொட்டகையில் வேலை செய்தவர். பிறகு விமானப்படையில் எஞ்சின் மெக்கானிக். ஓய்வு பெற்றதும் வேறு மாநிலத்தில் ஒரு கிளைடர் கிளப்பில் சேர்ந்து, மாதத்தில் பாதி நாள் அங்கேதான் இருந்தார். அறுபதைத் தாண்டியும் வருடா வருடம் மருத்துவச் சான்று வாங்கிக்கொண்டு பறந்துகொண்டிருந்தார்.

அந்த வருடம் கோடையின் தொடக்கத்தில் ஒரு நாள், அவர் தனியாக இறங்கிக்கொண்டிருந்தபோது புல் வெட்டும் டிராக்டர் ஒன்று ஓடுபாதையின் குறுக்கே வந்துவிட்டது. தரையில் இருந்தவர்கள் ரேடியோவில் மூன்று முறை எச்சரித்தார்கள். மாமாவிடமிருந்து பதில் இல்லை. கடைசி நொடியில் டிராக்டரைத் தன் கண்ணால் பார்த்து, வண்டியைப் புல்வெளிப் பக்கம் திருப்பி நிறுத்தினார். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் கிளப் கமிட்டி கேட்டது: கேட்காமல் போனது ரேடியோவாலா, உங்களாலா? ரேடியோ என்றார் மாமா. அந்தக் கிளைடரில் பறந்த மற்றவர்களும் இரைச்சலைப் பற்றிப் புகார் சொல்லியிருந்தார்கள். காரணம் எழுத்தில் வரும்வரை மாமா பறக்கக் கூடாது என்று கமிட்டி முடிவு செய்தது. ரேடியோ என்றால் அதைச் சரி செய்துகொண்டு அவர் மறுபடி ஏறலாம். இல்லையென்றால் அத்தோடு முடிந்தது.

கிளைடர் எப்படியும் வருடாந்திரச் சோதனைக்காக வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. கமிட்டியின் அனுமதிக் கடிதத்தோடு, இறக்கைகளைக் கழற்றி நீளமான டிரெய்லரில் வைத்து, ஆரணி வழியாக இழுத்து வந்தார் மாமா. நான் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். நிரந்தரமாகச் சரி செய்து கையெழுத்துப் போட வேண்டியவர் உரிமம் பெற்ற பொறியாளர். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை அக்கா வீட்டு வாசலில் டிரெய்லரை நிறுத்தி, ரேடியோவைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் தெருவின் ஜக்கார்டு பெட்டிகள் அத்தனையும் அதில் கேட்டன.

"இது விமானத்துக்கு வந்த வியாதியா, நம்ம தெருவுக்கு வந்த வியாதியான்னு பிரிக்க முடியாது மாமா. ஊரை விட்டு வெளிய போவணும்" என்றேன்.

"களம்பூர்ல என் தோஸ்து மில்லு ஒண்ணு கீது. புது மெஷின் மாட்டறாங்கோ, ஒரு மாசமா ஓடல. களம் காலி" என்றார்.

அப்படித்தான் சனிக்கிழமை காலை, நெல் உலர்த்தும் சிமென்ட் களத்தின் நடுவில், இறக்கை இல்லாத ஒரு வெள்ளை விமானம் உட்கார்ந்திருந்தது. மில்லின் வாட்ச்மேன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னா சார் இது, ராக்கெட்டா?"

"பிளேனு" என்றேன்.

"எஞ்சின் எங்க?"

"எஞ்சின் கெடையாது."

"அதான் ரிப்பேரா?" என்று கேட்டார் வாட்ச்மேன். மாமா வாய்விட்டுச் சிரித்தார். அன்று அவர் அப்படிச் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

வாட்ச்மேனிடம் சொல்லி மில்லின் மெயின் சுவிட்சை அணைக்க வைத்தேன். எங்கள் செல்போன்களை அணைத்துக் காரில் வைத்தேன். பிறகு காக்பிட்டின் முன் மண்டியிட்டேன். ஒருவர் படுத்த மாதிரி உட்காரும் அளவுக்கே இடம். முன்னால் கருவிப் பலகை. அதில் ரேடியோ, கிளைடர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லும் வேரியோமீட்டர், வழி காட்டும் திரை, பக்கத்தில் வேறு கிளைடர் வந்தால் எச்சரிக்கும் பெட்டி, ஓரத்தில் யாரோ பிற்பாடு பொருத்திய செல்போன் சார்ஜர். எல்லாவற்றுக்கும் ஒரே பேட்டரி. ரேடியோவின் ஆன்டெனா வால் துடுப்புக்குள் நிற்கிறது. அதிலிருந்து ஒரு கேபிள் உடல் நெடுக ஓடி ரேடியோவுக்கு வருகிறது. உலோக விமானத்தில் உடலே கொஞ்சம் இரைச்சலைத் தடுத்துவிடும். இதன் உடல் கண்ணாடி இழையால் ஆனது. ரேடியோ அலைக்கு அது திறந்த வாசல்.

முதலில் எல்லாவற்றையும் அணைத்து ரேடியோவை மட்டும் போட்டேன். பேச்சு வராத நேரத்தில் இரைச்சலை அடைத்து வைக்கும் திருகு ஒன்று ரேடியோவில் உண்டு. அதை முழுதும் திறந்துவிட்டேன். மெல்லிய சீரான மூச்சு போன்ற சத்தம் கேட்டது. அதுதான் இயல்பான அளவு. பிறகு ஒவ்வொரு கருவியாகப் போட்டேன், அணைத்தேன், குறித்தேன். வேரியோமீட்டரால் மாற்றமில்லை. எச்சரிக்கைப் பெட்டி லேசாக டிக் டிக் என்றது. வழிகாட்டும் திரை ஒரு ரீங்காரத்தைக் கொண்டுவந்தது. சார்ஜரைப் போட்டதும் அண்டாவில் அரிசி கொட்டுவது போலாயிற்று.

"இதேதான்! இதேதான் மச்சான்!" என்று மாமா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "நான் சொன்னேன் இல்ல? என்னிய பைத்தியக்காரன் மாதிரி பாத்தானுங்கோ."

"இருங்க மாமா. எந்த வழியா வருதுன்னு பாக்கணும்."

சார்ஜருக்குத் தனி பேட்டரி கொடுத்துப் பார்த்தேன். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. அதாவது பாதி ஒயர் வழியாக வந்தது, மீதி காற்று வழியாக. சார்ஜரையே கழற்றி வைத்தேன். திரையின் ஒயரில் இரைச்சலை வடிகட்டும் ஃபெரைட் வளையத்தை மாட்டி, ஒயரை அதற்குள் இன்னொரு சுற்றுச் சுற்றினேன். ரீங்காரம் குறைந்ததே தவிர போகவில்லை. இவ்வளவு சிறிய கருவி வால் நுனியில் இருக்கும் ஆன்டெனாவை இத்தனை தொந்தரவு செய்யக் கூடாது. இரைச்சல் ஆன்டெனா வரை போகாமலே வழியில் எங்கேயோ நுழைகிறது என்று தோன்றியது.

இருக்கையைக் கழற்றி, ஆன்டெனா கேபிளை விரலால் தடவிக்கொண்டே பின்னால் போனேன். இருக்கைக்குப் பின்னால் ஒரு இணைப்பு இருந்தது. கேபிளின் மேல் சுற்றியிருக்கும் செம்புப் பின்னல்தான் உள்ளே போகும் அலையைக் காக்கும் உறை. அந்த இணைப்பில் பின்னல் கிட்டத்தட்ட முழுதும் அறுந்து, இரண்டு மூன்று இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. வருடக்கணக்கில் யாரோ அதன் மேல் பையை வைத்து எடுத்திருக்க வேண்டும். உறை போன கேபிள் தானே ஆன்டெனாவாகி, காக்பிட்டுக்குள் நடப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

புகைப்படம் எடுத்துக்கொண்டேன். சோதனைக்காக மட்டும் பின்னலைச் சேர்த்துப் பற்றவைத்தேன். அதில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டி, பறப்பதற்கு அல்ல என்று எழுதினேன். கருவிகளை மறுபடி போட்டபோது, மெல்லிய சீரான மூச்சுதான் கேட்டது.

மாமா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சாப்பாடு கொண்டுவந்த அக்கா மில்லின் நிழலில் தூக்கை வைத்துவிட்டு வந்து தோளைத் தொட்டதும் கண்ணைத் திறந்தார்.

"இன்னா, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. உன் தம்பி கில்லாடிதான்" என்றார் மாமா.

"அது எனக்கு முன்னாடியே தெரியும். உங்களுக்குத்தான் நாப்பது வருஷம் ஆச்சு தெரியறதுக்கு."

பேச்சு தெளிவாக வருகிறதா என்று பார்ப்பது மட்டும் மீதி இருந்தது. விமான அலைவரிசையில் ஒலிபரப்ப எனக்கு உரிமம் இல்லை. அதனால் களத்தைத் தாண்டிப் போகாத அலையை எழுப்பும் சோதனைப் பெட்டியில் ஒரு மைக்கைப் பொருத்தினேன். மாமா காக்பிட்டில் உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டி, கண்ணாடி மூடியைப் போட்டுக்கொண்டார். நான் மூக்குப் பக்கம் நின்று மெல்லிய குரலில் சொல்வதை, அவர் பக்கவாட்டுச் சிறு ஜன்னல் வழியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

"நாப்பத்தேழு" என்றேன்.

"நாப்பத்தேழு!"

"காத்து கெழக்குலேர்ந்து."

"காத்து கெழக்குலேர்ந்து! மணி அடிச்சா மாதிரி கேக்குது!"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆன்டெனா வாலில் இருக்கிறது என்பதால் பின்பக்கமிருந்தும் ஒரு முறை பார்த்துவிடுவது என் வழக்கத்துக்குச் சரியாகப் பட்டது. வால் பக்கம் போனேன். அங்கே அலை இன்னும் பலமாகத்தான் போய்ச் சேரும்.

"டிராக்டர் நிக்குது, வலது பக்கம் ஒதுங்குங்க" என்றேன்.

பதில் வரவில்லை. மறுபடி சொன்னேன். ஜன்னல் வழியே மாமாவின் குரல் வந்தது.

"எறங்கலாம்னு சொன்ன. சரியா?"

பற்றவைத்தது விட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். மாமாவை இறங்கச் சொல்லி, அக்காவின் கையில் மைக்கைக் கொடுத்து வால் பக்கம் நிறுத்தினேன். நான் காக்பிட்டில் உட்கார்ந்து மூடியைப் போட்டு ஹெட்போனை மாட்டினேன். அக்கா என் காதுக்குள் வந்து பேசியது போல இருந்தது: "சோறு ஆறிப்போவுது. ரெண்டு பேரும் பேஜார் பண்ணாம ஜல்தி வாங்க."

ரேடியோவில் ஒரு குறையும் இல்லை.

மாமாவை மறுபடி உட்காரச் சொன்னேன். மூக்குப் பக்கம் பழைய இடத்தில் நின்றேன். அவருக்குத் தெரியாமல் சோதனைப் பெட்டியை அணைத்தேன். மைக்கை முகவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு, குரலே எழுப்பாமல், வாயை மட்டும் அசைத்தேன்.

"அறுவத்திரெண்டு!" என்றார் மாமா உள்ளேயிருந்து. "வலது பக்கம் ஒதுங்கு! சுத்தமா கேக்குதுபா!"

அக்கா என் பக்கத்தில்தான் நின்றாள். என் வாயிலிருந்து சத்தம் வரவில்லை என்பதை அவளும் பார்த்தாள்.

எங்கள் ஊரில் தறி ஓடும் வீடுகளில் யாரும் கத்திப் பேசுவதில்லை. கத்தினாலும் கேட்காது. எதிரே வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் வைத்துக் காட்டுவோம். கொட்டகைக்குள் வளர்ந்த யாருக்கும் இது பழக்கம். தறி நின்ற பிறகும், தெருவிலும், கல்யாணப் பந்தலிலும்கூட நாங்கள் அப்படியேதான் பேசுகிறோம். வெளியூர்க்காரர்கள் நாங்கள் முகத்துக்கு நேராகப் பேசுவதை மரியாதை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒருவருக்குக் காது குறைந்துகொண்டே வந்தால், அதை வேறு ஊரில் மனைவி முதலில் கண்டுபிடித்திருப்பாள். இங்கே அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை. மாமாவுக்கே தெரிந்திருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வருடாந்திர மருத்துவச் சோதனையில் டாக்டர் எதிரே நின்று பேசியிருப்பார். ஆகாயத்தில்தான் அவருக்கு எதிரே முகம் எதுவும் இருக்கவில்லை. அங்கே கேட்காமல் போனதற்கெல்லாம் இரைச்சல் ஒரு காரணமாக இருந்தது.

மூடியைத் திறந்தேன்.

"மாமா, கடைசியா நான் பேசவே இல்ல."

"வெளாடாதபா."

சோதனைப் பெட்டியின் சுவிட்சைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"கைய எடுடி. மூஞ்சி தெரியல" என்றார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தூக்கை மூடும்போது அக்கா என்னிடம் திரும்பினாள். கோபமாக இருந்தாள்.

"அந்த ரேடியோ கெட்டுப்போயிருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சுக்கா."

"அத்த எழுது. உன்ன அதத்தான கேட்டாங்கோ? காதப் பத்தி உன்ன யார் கேட்டா? நீ இன்னா டாக்டரா?"

"அவங்க கேட்டது ரேடியோவா, மாமாவான்னு. ரெண்டும்தான்."

"அவருக்கு வேற இன்னா கீது சொல்லு. வூட்ல உக்கார வெச்சா சுவரத்தான் பாத்துகினு இருப்பாரு. நான் தெனமும் அத்தப் பாக்கணும். நீயா பாக்கப் போற?"

அவள் சொன்னது உண்மை. பறந்துவிட்டு வரும் வாரத்தில் மாமா வேறு மனிதராக இருப்பார். ஆனால் அந்த டிராக்டர் மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் பெயரோ ஊரோ எனக்குத் தெரியாது. அன்று மாமாவின் கண் ஒரு நொடி தாமதித்திருந்தால் அவர் இருந்திருக்க மாட்டார். அடுத்த முறை ரேடியோ சுத்தமாக இருக்கும். மாமாவுக்குக் கேட்காது.

மாமா எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு அவருக்குப் புரிந்தது என்று தெரியவில்லை. எழுந்து, கிளைடரின் உடலை டிரெய்லரில் ஏற்ற எங்களைக் கூப்பிட்டார். வாட்ச்மேனும் கை கொடுத்தார். பட்டைகளை இழுத்துக் கட்டுவதில் மாமா வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு முடிச்சையும் இரண்டாம் முறை பார்த்தார்.

அன்று மாலை விளக்கு வைத்த பிறகு அறிக்கையை எழுதினேன். ரேடியோவைப் பற்றிய பகுதி ஒரு பக்கம் வந்தது. சார்ஜர், திரை, அறுந்த பின்னல், புகைப்படங்கள், பொறியாளர் செய்ய வேண்டியவை. அதற்குக் கீழே, குறைகள் நீங்கிய ரேடியோவில் மாமாவை வைத்துச் செய்த சோதனையையும், முகம் தெரிந்தபோதும் தெரியாதபோதும் அவர் சொன்ன பதில்களையும் எழுதினேன். அவருக்குக் காது கேட்கவில்லை என்று எழுதவில்லை. அதைச் சொல்ல நான் மருத்துவன் இல்லை என்பதில் அக்கா சொன்னது சரி. நடந்ததை மட்டும் எழுதினேன். அதை வைத்துக்கொண்டு காது டாக்டரிடம் போக வேண்டும் என்று கடைசி வரியில் சேர்த்தேன்.

கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். கீழ்ப்பகுதியை மறுபடி படித்தார்.

"மேல இருக்கறத மட்டும் அனுப்பினா?" என்று கேட்டார்.

"அது உங்க கையில இருக்குது மாமா. கிழிச்சுட்டு மேல மட்டும் அனுப்பினா, அதுல என் கையெழுத்து இருக்காது. கையெழுத்து கீழதான் போட்டிருக்கேன்."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கோபமா வருத்தமா என்று முகத்தில் தெரியவில்லை. அக்கா சமையலறையிலிருந்து வெளியே வரவே இல்லை. போய்வருகிறேன் என்று உள்ளே பார்த்துச் சொன்னேன். நான் வீட்டுக்கு வந்து கருவிகளைத் துடைத்து வைத்தேன். சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்த பிறகு மோட்டார் போடக் கிளம்பியபோது வாசலில் மாமா நின்றார். குளித்துவிட்டு வேட்டி சட்டையில் வந்திருந்தார். உள்ளே வந்து மேசையில் அந்தத் தாளைப் பிரித்து வைத்தார். அது கிழியாமல் முழுதாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் செல்போனை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டார்.

"கிளப்பு செகரட்டரி காலையில சீக்கிரம் எழுந்துக்குவாரு" என்றார். "நான் சொல்றத சொல்லிடுவேன். அந்தாண்ட அவர் சொல்றது எனக்குப் புரியாது. நீ எதிர்ல உக்காருபா."

நாற்காலியை இழுத்து அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். ஜன்னல் வெளிச்சம் என் மேல் விழும்படி சற்று நகர்ந்துகொண்டேன். அவர் எண்ணை அழுத்தினார்.